வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான இணையச் சேவை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் சென்னைக் கட்டட வேலைகளுக்கும் வருவோருக்காக நலத்திட்டப் பதிவு, புகார் போன்றவற்றுக்கான இணையவழிச் சேவை அமைப்பவர்கள், கைப்பேசி எண் என்றைக்கும் மாறாது என்று எண்ணிக்கொள்வதுதான் முதல் தவறு. அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய மத்திய அரசு 2021 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் ஒருவர் தாமே பதிவு செய்ய, ஆதாருடன் இணைத்த எண்ணுக்கு ஓடிபி வர வேண்டும். அந்த எண் ஊரில் இருக்கும் அண்ணனுடையதாக இருக்கலாம். ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ செயலிழந்தும் இருக்கலாம். பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வழி இருந்தாலும், ஓடிபி கேட்கும் அதே திரையில் அதைச் சொல்லாவிட்டால் அவர் அங்கேயே நின்றுவிடுவார். சிமென்ட் கலந்து கலந்து ரேகை தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்க மறுப்பதும் உண்டு என்பதால், கருவிழிப் பதிவும் தயாராக இருப்பது அவசியம்.

தொழிலாளருக்கு உரியதைத் தாமே எடுத்துச் சொல்லாமல், விண்ணப்பம் வரட்டும் என்று காத்திருப்பது அதைவிடப் பெரிய தவறு என்பேன். சொந்த மாநில ரேஷன் அட்டையை வைத்து வேறு மாநிலத்திலும் தானியம் வாங்க உதவும் 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் 2020 அக்டோபரிலேயே தமிழ்நாடு சேர்ந்துவிட்டது. முன்னுரிமைக் குடும்ப அட்டையில் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. தன் பங்கைத் தொழிலாளர் இங்கே வாங்கிக்கொள்ள, மீதியைக் குடும்பம் ஊரிலேயே வாங்கலாம். இங்கே வாங்கினால் பிள்ளைகளுக்கு அங்கே கிடைக்காமல் போகுமோ என்று அஞ்சுபவரிடம், பதிவு முடிந்த அன்றே, அவர் பங்கு எவ்வளவு, அருகிலுள்ள கடை எது, ஊரில் குடும்பத்துக்கு எவ்வளவு மீதமிருக்கும் என்பதைக் குரல் செய்தியாகச் சேவையே சொல்ல வேண்டும்.

அதையும் இந்தியில் மட்டும் சொல்லிவிட்டு மொழிப் பிரச்சினை தீர்ந்தது என்று கருதக் கூடாது. ஒடியாவும் வங்காளமும் சந்தாலியும் பேசுபவர்கள் அதே விடுதி அறைகளில் இருக்கிறார்கள்.

விவரங்களை யார் பார்ப்பார்கள் என்று சொல்லாமல் கேட்பது மரியாதைக் குறைவு மட்டுமன்று, ஆபத்தும்கூட. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது எத்தனையோ பேர் அச்சத்தில் ஊர் திரும்பினார்கள். அந்த மனநிலையில் இருப்பவரிடம் தங்குமிடத்தையும் முதலாளி பெயரையும் கேட்கும் படிவம், உதவியாக அன்றிக் கண்காணிப்பாகவே தோன்றும். கூலிப் பாக்கி குறித்த புகாரில், புகார் கொடுத்தவரின் பெயரை அவருடைய சம்மதமின்றி ஒப்பந்தக்காரருக்குத் தெரிவிக்கக் கூடாது. ஓர் அறையில் ஒரே கைப்பேசியைப் பலர் பயன்படுத்தக்கூடும் என்பதால், புகாரின் நிலையைக் குறுஞ்செய்தியில் விரித்து எழுதாமல், அவர் தாமே அழைத்து இரகசிய எண்ணைச் சொன்ன பிறகே தெரிவிக்க வேண்டும்.