வீட்டில் சைக்கிள் திருத்தத் தேவைப்படும் தனிக் கருவிகள்: யாழ்ப்பாணத்தில் தேடி எடுக்கும் வழி

சைக்கிள் திருத்தத்தில் பெரும்பகுதி, வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் ஸ்பனர்கள், ஒரு குறடு, ஒரு திருப்புளி, ரயர் கழற்ற இரண்டு நெம்புகோல் ஆகியவற்றோடு முடிந்துவிடும். பிறீவீல் (பின்சக்கரத்தில் செயின் ஓடும், மிதிக்காதபோது தனியே சுழலும் பற்சில்லு), கிறாங் (பெடலைத் தாங்கும் கை), ஹப்பின் கோன் (சக்கரத்தின் நடுக்குடத்தில் குண்டுகளை அணைத்து நிற்கும் கூம்பு நட்டு), சக்கரக் கம்பியின் நிப்பிள் (கம்பியை வளையத்தோடு இறுக்கும் சிறு நட்டு) ஆகிய சில இடங்கள் மட்டுமே அந்த இடத்துக்கென்றே செய்யப்பட்ட கருவியைக் கேட்கின்றன. அங்கே உளியும் சுத்தியலும் கொண்டு சமாளிக்கப் போனால், கழற்ற வந்த பாகமே கெட்டு, கருவியின் விலையை விடக் கூடுதலான செலவில் கொண்டுபோய் விடும். இந்தக் கருவிகள் யாழ்ப்பாணத்தில் கிடைப்பதில்லை என்று பலரும் சொல்வது பாதிதான் உண்மை. எந்த அளவில் எந்த வகைக் கருவி வேண்டும் என்பதைத் திட்டமாகச் சொல்லத் தெரிந்தவருக்கு ஏதோ ஒரு வழியில் அது கிடைத்துவிடுகிறது. "சைக்கிள் கழட்டுற சாமான்" என்று கேட்பவர்தான் வெறுங்கையோடு திரும்புகிறார்.

முதலில் சைக்கிளை அளந்துகொள்ளுங்கள்

குடாநாட்டு வீடுகளில் இன்று மூன்று தலைமுறைச் சைக்கிள்கள் ஒன்றாக ஓடுகின்றன. முதலாவது, தாத்தா காலத்து இங்கிலாந்துச் சைக்கிள்: றலி, ஹம்பர் போன்றவை. அவற்றின் கிறாங்குகள் 'கொட்டர் பின்' என்னும் ஆப்பு ஊசி கொண்டு அச்சில் இறுக்கப்பட்டவை. இரண்டாவது, லுமாலா போன்ற உள்ளூர்த் தயாரிப்புகளும் இந்தியச் சைக்கிள்களும். மூன்றாவது, கியர் பூட்டிய புதிய வகைகள். 1990களில் எரிபொருளுக்குத் தடை இருந்தபோது குடாநாட்டின் போக்குவரத்து சைக்கிளில்தான் ஓடியது என்பதால், முதலிரண்டு வகைகளையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடிய திருத்துநர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்றாவது வகைக்கான கருவிதான் அவர்களிடமும் அருமையாக இருக்கும்.

ஆகவே தேடல் கடையில் அல்ல, வீட்டு முற்றத்தில் தொடங்க வேண்டும். ஒரு வேர்னியர் அளவுகோல் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு மலிவான பிளாஸ்ரிக் ஒன்றே போதும். கழற்ற வேண்டிய இடத்தைத் துணியால் துடைத்து, பழைய கிறீசை மண்ணெண்ணெயால் கழுவி, கருவி பொருந்தும் வெட்டுகளின் எண்ணிக்கையையும் அவற்றுக்கிடையிலான அகலத்தையும் குறித்து, நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாகத்தையே கழற்றிக் கொண்டுபோக முடியுமானால் அதைவிட நல்ல அத்தாட்சி வேறில்லை. பழைய றலியில் ஒரு விசேடமும் உண்டு: அதன் கிறாங் அச்சுக் கோப்பைகளில் (அச்சைத் தாங்க, சட்டத்தில் முறுக்கி ஏற்றியவை) அங்குலத்துக்கு 26 புரிகள் இருக்கும், ஏனைய பெரும்பாலான சைக்கிள்களில் 24. கருவி சரியாகக் கிடைத்துக் கோப்பையைக் கழற்றிய பிறகு, மாற்றுக் கோப்பை ஏறவில்லை என்று திகைப்பவர்கள் இந்த வேறுபாட்டை முன்பே அறிந்திருந்தால் பழையதைப் பத்திரப்படுத்தியிருப்பார்கள்.

பிறீவீல்

அதிகம் தேடப்படுவதும் அதிகம் பிழையாக வாங்கப்படுவதும் பிறீவீல் கழற்றும் கருவிதான். ஒற்றைப் பல்லுச் சில்லு உள்ள சைக்கிளில், பிறீவீலின் வாய்ப்பகுதியைப் பார்த்தால் இரண்டு அல்லது நான்கு வெட்டுகள் தெரியும். நான்கு வெட்டுக்காரனுக்கு நான்கு கால் கொண்ட கருவி வேண்டும். எதிரெதிர் வெட்டுகளின் வெளி அகலம் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. சந்தையில் அதிகம் கிடைப்பது 40 மில்லிமீற்றர் அளவு, அதனினும் சிறியனவும் உண்டு. இரண்டு வெட்டு மட்டும் உள்ளதென்றால் வெட்டின் ஓரம் உடைய வாய்ப்பு அதிகம் என்பதால், மலிவான மென்னிரும்புக் கருவியை நம்பாதீர்கள்.

கியர்ச் சைக்கிளில் முதற் கேள்வி வேறு: பின்னால் இருப்பது புரியில் ஏற்றிய பிறீவீலா, கசெற்றா (ஹப்பின் மேல் செருகி, பூட்டு வளையத்தால் இறுக்கிய பற்சில்லுத் தொகுதி)? சக்கரத்தைக் கழற்றி, பற்சில்லுகளைப் பின்னோக்கிச் சுழற்றிப் பாருங்கள். நடுவில் கருவி நுழையும் பல்வெட்டு அசையாமல் நின்றால் அது பிறீவீல். சில்லுகளோடு சேர்ந்து சுழன்றால் கசெற். இரண்டுக்குமான கருவிகள் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தாலும் பல் அளவு வேறு. ஒன்றை மற்றதில் அடித்து ஏற்றக் கூடாது. கசெற்றுக்குச் சில்லைப் பிடித்து நிறுத்தும் செயின் பிடியும் வேண்டும். அதை மட்டும் பணம் கொடுத்து வாங்காதீர்கள்: ஓரடி நீளத் தட்டை இரும்பில் இரண்டு துளையிட்டு, பழைய செயின் துண்டை அதில் தறைந்துவிட்டால் வேலை முடிந்தது.

கருவி கைக்கு வந்த பிறகு பயன்படுத்தும் முறையிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் பிறீவீல் மேலும் மேலும் இறுகிக்கொண்டே போவதால், வருடக்கணக்கில் ஓடிய சைக்கிளில் அது அசுர இறுக்கத்தில் இருக்கும். கருவியை வெட்டுகளில் சரியாக அமர்த்தி, அது வழுகாதபடி அச்சின் நட்டை அதன் மேல் மெல்ல இறுக்குங்கள். பிறகு கருவியை மேசை வைசில் கவ்வவிட்டு, சக்கரத்தை இரு கையாலும் பிடித்து இடப்பக்கமாக, பேருந்துச் சாரதி வளையம் திருப்புவதைப் போலத் திருப்புங்கள். "டக்" என்று விட்டதும் நிறுத்தி, அச்சு நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் தொடர வேண்டும். இல்லாவிட்டால் வெளியே வரும் பிறீவீல் நட்டை நெருக்கி அச்சை முறிக்கும். கருவி அச்சின் பூட்டு நட்டில் தட்டி உள்ளே போகாத சைக்கிள்களும் உண்டு. அவற்றில் முதலில் அந்த நட்டையும் வளையத்தையும் எடுத்துவிட வேண்டும்.

கொட்டர் பின்னும் கிறாங்கும்

கொட்டர் பின் கழற்றும் அழுத்தி புதிதாகக் கடையில் கிடைப்பது அரிது. ஆனால் யாழ்ப்பாணத்தில் லேத்துப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. இந்தக் கருவியைச் செய்விப்பதே உத்தமம். தடித்த இரும்பில் ஒரு "ப" வடிவம். ஒரு கையில் அரை அங்குலப் போல்ற் ஏறும் புரி. எதிர்க் கையில் பின்னின் தலை புகுந்து போகும் அளவுக்கு ஒரு துளை. பட்டறைக்காரரிடம் கிறாங்கையும் ஒரு பழைய பின்னையும் நேரில் காட்டினால், வரைபடம் கேட்கமாட்டார். பின்னின் விட்டம் இங்கிலாந்துச் சைக்கிள்களில் பெரும்பாலும் 9.5 மில்லிமீற்றர், சிலவற்றில் 9. புதியது வாங்குமுன் பழையதை அளந்துகொள்ளுங்கள். அழுத்துவதற்கு முன் பின்னின் நட்டை முழுவதும் கழற்றாமல், பின்னின் நுனியோடு சமமாக நிற்கும் வரை மட்டும் தளர்த்துவது நல்லது. புரி நசுங்காமல் நட்டு காக்கும். வைஸ் வசதி உள்ளவர்கள் ஒரு பெட்டி ஸ்பனர்த் தலையைப் பின்னின் தலைப்பக்கம் வைத்து, வைசின் தாடையாலேயே அழுத்தி எடுக்கலாம்.

சதுர அச்சில் போல்ற்றால் இறுக்கப்பட்ட கிறாங்குக்கு இழுவைக் கருவி வேண்டும். அதன் புரி 22 மில்லிமீற்றர். பெரும்பாலான கிறாங்குகளில் அது ஒன்றே என்பதால் அளவுக் குழப்பம் இல்லை. அதன் தள்ளும் நுனி மட்டும் சதுர அச்சுக்கு ஒரு தடிப்பு, குழாய் வடிவ அச்சுக்கு வேறு தடிப்பு. இந்தக் கருவியில் தரம் பார்த்து வாங்குங்கள் என்பது என் கண்டிப்பான ஆலோசனை. கிறாங்கின் அலுமினியப் புரி ஒருமுறை உரிந்தால் பிறகு எந்தக் கருவியும் பிடிக்காது. உள்ளே கிடக்கும் வளையத்தை எடுத்துவிட்டு, புரியைத் துடைத்து, கருவியைக் கையாலேயே அடிவரை ஏற்றிய பின்புதான் ஸ்பனர் போட வேண்டும்.

கிறாங் அச்சின் வலப்பக்க நிலைக்கோப்பையைக் கழற்றும் கருவி வீட்டுக்குத் தேவையே இல்லை. அது பல வருடங்களுக்கு ஒருமுறை வரும் வேலை. கடையில் கொடுத்து எடுப்பிப்பது இலாபம். பெரும்பாலான சைக்கிள்களில் அந்தப் பக்கத்தின் புரி எதிர்ப்புரி, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். இடப்பக்கப் பெடலும் அப்படியே. அதற்கு ஒல்லியான 15 மில்லிமீற்றர் ஸ்பனர் போதும்.

கோன் ஸ்பனர், கம்பிச் சாவி, செயின்

கோன் ஸ்பனர் என்பது ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்பான ஸ்பனர். முன் ஹப்புக்குப் பெரும்பாலும் 13, பின் ஹப்புக்கு 15. கிடைக்காவிட்டால், அந்த அளவுச் சாதாரண ஸ்பனர் ஒன்றைக் கிறைண்டரில் தேய்த்து மெலிதாக்கலாம். அடிக்கடி தண்ணீரில் தோய்த்து, நீலம் பாயாமல் தேய்த்தால் உருக்கின் வலு போகாது. கழித்துப் போட்ட ஸ்பனர்கள் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும்.

பல வெட்டுகள் கொண்ட வட்டக் கம்பிச் சாவி எல்லாக் கடையிலும் தொங்குகிறது, வாங்காதீர்கள். அது நிப்பிளில் தளர்வாக நின்று மூலைகளை மழுக்கிவிடும். ஒரு கம்பியையும் நிப்பிளையும் கடைக்குக் கொண்டுபோய், ஆடாமல் பிடிக்கும் சாவியைத் தேர்ந்தெடுங்கள். சக்கரத்தின் நெளிவெடுக்கும் தாங்கியும் வேண்டியதில்லை: சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பிறேக் கட்டைகளையே அளவாக வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

ஒற்றைச் சில்லுச் செயினில் கொளுக்கி இணைப்பு இருப்பதால் குறடு போதும். திரும்பப் பூட்டும்போது கொளுக்கியின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்க வேண்டும். கியர்ச் செயினுக்குத்தான் அதன் பின்னை வெளியே தள்ளும் கருவி தேவை. செயின் தேய்வை அறியத் தனிக் கருவி வாங்க வேண்டாம். 24 பின் இடைவெளிகள் புதுச் செயினில் மிகச் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம், 1/8 கூடினால் பற்சில்லுகளும் தேய்ந்திருக்கும்.

எங்கே கேட்பது

முதலில் உங்கள் ஊர்ச் சைக்கிள் கடை. சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரி, மானிப்பாய் என எந்தச் சந்தையடியிலும் ஒன்றாவது இருக்கும். காலையில் காற்றடிக்கவும் ஒட்டுப்போடவும் ஆட்கள் நிற்கும் நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். கருவியை இரவல் கேட்பது முறையல்ல. அது அவருடைய பிழைப்பு. "அண்ணை, இதுக்கு எந்தச் சாவி போடுவியள், எங்கை எடுத்தனியள்?" என்று கேட்டால் பெரும்பாலானோர் மனமுவந்து சொல்வார்கள். கடையை மூடும் முதியவர் ஒருவரின் கருவிப்பெட்டி விலைக்கு வந்தால் தயங்காமல் வாங்குங்கள். அந்தக் கால உருக்கு இப்போது வருவதில்லை.

அடுத்தது நகரத்து இரும்புக் கடைகள். அவர்களிடம் வைஸ், ஸ்பனர், வேர்னியர் கிடைக்கும். சைக்கிளுக்கென்றே உள்ளவற்றை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். கொழும்புக்குப் போகும் ஒருவர் இருந்தால், டாம் வீதிச் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் விசாரிக்கச் சொல்லிப் படத்தையும் அளவையும் அனுப்பிவிடுங்கள்.

டராஸ் போன்ற இணையச் சந்தைகளில் வாங்கும்போது, நாற்பது உருப்படி கொண்ட பெட்டியை விட்டுவிட்டுத் தேவையான இரண்டு மூன்றைத் தனித்தனியாக எடுங்கள். பெட்டியில் பாதி உங்கள் சைக்கிளில் எந்த இடத்திலும் நுழையாது. பொருளின் படத்தில் மில்லிமீற்றர் அளவு குறிக்கப்படாவிட்டால், விற்பவரிடம் எழுதிக் கேட்டு விடை வந்த பிறகே பணம் செலுத்துங்கள்.

கடைசி வழி, நமக்கே உரியது: நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ வரும் உறவினர். அவரிடம் பொதுப்பெயர் சொன்னால் கடையில் தடுமாறுவார், எண்ணைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் பார்க் ரூல் நிறுவனத்துக் கருவிகளில், நான்கு வெட்டு 40 மில்லிமீற்றர் பிறீவீலுக்கு எஃப்ஆர்-6, சிமானோ வகைக் கியர்ப் பிறீவீலுக்கு எஃப்ஆர்-1 வரிசை, கசெற்றுக்கு எஃப்ஆர்-5 வரிசை, சதுர அச்சுக் கிறாங்குக்கு சிசிபி-22. இவற்றைக் கைப்பையில் வைக்காமல், விமானத்தில் ஏற்றிவிடும் பெரிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். வந்திறங்கியவுடன் கருவியைச் சக்கரத்தில் அமர்த்திப் பார்த்துவிடுங்கள். அளவு பிழைத்திருந்தால், பற்றுச்சீட்டோடு அவரே திரும்பக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம்.