உங்கள் ஊராட்சியின் மக்கள்தொகையைச் சரியாகக் கண்டுபிடிப்பது எப்படி?

குடிநீர்த் தொட்டியோ ரேஷன் கடையோ கேட்டு மனு எழுத உட்காரும்போதுதான் "நம்ம ஊராட்சியில எத்தனை பேரு?" என்ற கேள்வி வரும், ஆளுக்கொரு எண் சொல்வார்கள். யாரும் பொய் சொல்வதில்லை, ஒவ்வொருவரும் வேறு எல்லையை மனதில் வைத்திருக்கிறார்கள். அதனால் எண்ணைத் தேடும் முன் எல்லையைப் பிடியுங்கள்.

தமிழ்நாட்டில் ஒரே ஊரை இரண்டு நிர்வாகங்கள் பார்க்கின்றன. வருவாய்த் துறை வழியில் மாவட்டம், கோட்டம், வட்டம், குறுவட்டம், கடைசியில் வருவாய் கிராமம். பட்டா, அடங்கல் (பயிர்க் கணக்கு) என்றால் விஏஓ, அதாவது கிராம நிர்வாக அலுவலர். ஊரக வளர்ச்சி வழியில் மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி. தெருவிளக்கு, குடிநீர், வீட்டு வரி என்றால் ஊராட்சித் தலைவரும் செயலரும். இரண்டு எல்லையும் பல இடங்களில் பொருந்தாது. ஓர் ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய் கிராமங்கள் இருக்கும், பெரிய வருவாய் கிராமம் ஒன்று இரண்டு ஊராட்சிகளாகப் பிரிந்தும் கிடக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணிக்கை தருவதோ வருவாய் கிராமவாரியாக. குழப்பமே இங்கேதான்.

முதலில் மத்திய அரசின் 'லோக்கல் கவர்ன்மென்ட் டைரக்டரி' தளத்தில் உங்கள் ஊராட்சிக்குள் எந்தெந்த வருவாய் கிராமங்கள் வருகின்றன என்று பாருங்கள். கிராமங்களின் ஆறு இலக்கக் குறியீட்டு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே மாவட்டத்தில் நாலைந்து புதூர் இருக்கும்.

அப்புறம் கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் 2011ஆம் ஆண்டின் மாவட்டக் கையேட்டை (District Census Handbook) இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். அப்போது 32 மாவட்டங்கள்தான். தென்காசிக்காரர்கள் திருநெல்வேலியிலும், கள்ளக்குறிச்சிக்காரர்கள் விழுப்புரத்திலும், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் வேலூரிலும், செங்கல்பட்டுக்காரர்கள் காஞ்சிபுரத்திலும், மயிலாடுதுறைக்காரர்கள் நாகப்பட்டினத்திலும் தேட வேண்டும்.

கிராமப் பட்டியலில் உங்கள் ஊரே இல்லையா? நகரப் பட்டியலைப் பாருங்கள். 5,000 பேருக்குக் குறையாமல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருந்து, ஆண் தொழிலாளர்களில் 75 சதவீதமாவது விவசாயம் சாராத வேலையில் இருந்தால் கணக்கெடுப்பு அதை 'சென்சஸ் டவுன்' என்று வைத்துவிடும், நிர்வாகம் ஊராட்சியிடமே இருந்தாலும். ஊரக மக்கள்தொகையை மட்டும் கூட்டினால் இப்படிப்பட்ட ஊர்கள் விட்டுப்போகும்.

இரண்டு ஊராட்சிகளுக்கு இடையே பிரிந்த கிராமத்துக்குக் கையேடு போதாது, பாதிக்குப் பாதி என்று நீங்களாகவே பிரித்துவிடாதீர்கள். வார்டு மறுவரையறைக்காக 2011 எண்ணிக்கையை ஊராட்சிவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பிடிஓக்கள் (வட்டார வளர்ச்சி அலுவலர்கள்) இருப்பார்கள், கிராம ஊராட்சிகளைப் பார்ப்பவரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு.

எழுத்தறிவு சதவீதம் போடும்போது மொத்த மக்கள்தொகையால் வகுக்காதீர்கள், 0 முதல் 6 வயது வரையான குழந்தைகளைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். நிறைய மனுக்களில் இந்தப் பிழையால் ஊர் இருப்பதைவிடப் பின்தங்கியதாகத் தெரிகிறது. வாக்காளர் பட்டியலும் மக்கள்தொகை ஆகாது, அதில் 18 வயது நிறைந்தவர்கள் மட்டுமே.

எண்ணுக்குப் பக்கத்தில் '2011 கணக்கெடுப்புப்படி' என்று எழுதி, சேர்த்த வருவாய் கிராமங்களின் பெயரையும் போட்டு கிராம சபையில் கொடுங்கள். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாக, அதாவது எந்த நாள் நிலவரப்படி எண்ணிக்கை என்பதற்கான நாளாக, அறிவித்திருக்கிறார்கள், அதன் கிராமவாரி எண்கள் வெளிவரும்வரை அரசு அலுவலகங்களில் 2011 எண்தான் செல்லும்.