மிலான் கண்காட்சிக்குப் போறவங்க நீஸையும் பாத்துட்டு வர்றது எப்படி

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் கம்பெனில இருக்கறவங்க நெறைய பேரு பிப்ரவரியிலயும் செப்டம்பர்லயும் மிலான்ல நடக்கற லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்குப் போறாங்க, ஸ்டால் வேலை முடிஞ்சதும் நேரா சென்னை ஃப்ளைட் ஏறிடறாங்க. அப்படி வராதீங்க, ரெண்டு நாள் லீவு சேத்துப் போட்டு நீஸ் போயிட்டு வாங்க. ஊரு பிரான்ஸ்ல இருந்தாலும் இத்தாலி எல்லைக்குப் பக்கத்துல தான்.

தனி விசா வேணாம், இத்தாலிக்கு வாங்கற ஷெங்கன் விசாவே செல்லும், ஆனா அதிக நாள் தங்கறது இத்தாலியா இருக்கணும், நீஸ் ஓட்டல் புக்கிங்கையும் அப்ளிகேஷன்லயே சேத்துக் காட்டிடுங்க, இன்சூரன்ஸும் 30,000 யூரோவுக்கு கம்மியா இல்லாம அந்த ரெண்டு நாளுக்கும் சேத்து எடுங்க. மிலான் சென்ட்ரல்ல ட்ரெயின் ஏறி எல்லைப் பக்கத்து ஊரான வென்டிமிலியால மாறணும், மொத்தம் 5 மணி நேரம் வாக்குல ஆகும். மாறி ஏறின ட்ரெயின்ல இடது பக்கம் உக்காருங்க, கடல் அந்தப் பக்கம் தான். பாஸ்போர்ட்டை பெட்டி அடியில வெச்சிடாதீங்க, எல்லை தாண்டினதும் மென்டன் பக்கம் போலீஸ் ஏறி செக் பண்ணுவாங்க.

பீச் எல்லாம் கூழாங்கல்லு, மணலே கிடையாது, செருப்பு போட்டுக்கிட்டே இறங்குங்க. கடலோரமா இருக்கற பிரொமெனாட் தே ஆங்லே ரோடு, 1820கள்ல குளிருக்குப் பயந்து இங்க வந்து தங்கின இங்கிலீஷ்காரங்க காசு போட்டு ஆரம்பிச்சது. சாயங்காலம் அதுல நடங்க, ஆனா நாள் பூரா அங்கயே போட்டோ எடுத்து ஓட்டிடாதீங்க, ஊரோட உயிரு உள்ள தான் இருக்கு.

காலைல சீக்கிரமா கூர் சலேயா மார்க்கெட் போங்க, பூவும் காய்கறியும் குவிஞ்சு கிடக்கும். பக்கத்து சந்துகள்ல சோக்கா கேட்டு வாங்கி சாப்பிடுங்க, கொண்டைக்கடலை மாவை ஆலிவ் எண்ணெய் விட்டு கரைச்சு பெரிய தட்டுல ஊத்தி அடுப்புல சுடறது, முட்டை கூட இல்ல, சைவக்காரங்க தைரியமா சாப்பிடலாம், மேல மிளகுத்தூள் தூவி சூடா சாப்பிட்டா அவ்ளோ நல்லா இருக்கும். சந்து, வீட்டு நிறம், சாப்பாடு எல்லாம் இத்தாலி மாதிரியே தெரியும், ஏன்னா 1388ல இருந்து பெரும்பாலும், பின்னாடி இத்தாலிக்கே ராஜாவான சவாய் வம்சத்துக் கையில இருந்த ஊரு, 1860ல தான் பிரான்ஸோட சேந்துச்சு. இத்தாலிய ஒண்ணாக்கப் போராடின கரிபால்டி கூட 1807ல இங்க பொறந்தவர் தான்.

அங்கிருந்தே கோட்டை மலை ஏறலாம், லிஃப்ட்டும் இருக்கு, காசு இல்ல. நம்ம வேலூர் கோட்டை மாதிரி மதில், அகழினு எதிர்பாக்காதீங்க, பிரான்ஸ் ராஜா 14ஆம் லூயி 1706ல மொத்தமா இடிக்க வெச்சுட்டாரு. இருந்தாலும் மேல இருந்து ஒரு பக்கம் வளைகுடா, இன்னொரு பக்கம் துறைமுகம், கீழ ஓட்டுக் கூரைங்கனு பாக்கறப்ப கண்ணு எடுக்க முடியாது. கிரேக்கர்கள் 2,300 வருஷத்துக்கு முன்னாடியே இங்க வந்து குடியேறி நிகாயானு பேரு வெச்சாங்க.

மறுநாள் சிமியே மேட்டுக்குப் போங்க. ரோமன் அரங்கமும் குளியல் கூடங்களும் இடிபாடா நிக்குது, பக்கத்துலயே ஓவியர் மத்தீஸோட மியூசியம், அவரு சமாதியும் அந்த மேட்டுல தான். மியூசியம் செவ்வாய் லீவு, திங்கள்னா கூர் சலேயால பூ, காய்கறிக்கு பதிலா பழைய பொருள் சந்தை, அதனால கண்காட்சி வியாழன் முடிஞ்சா வெள்ளி, சனிக்கே ரூம் போட்டுடுங்க.