இடுப்பெலும்பு விளிம்பு வலி: நரம்பை முன்வைத்து மேனுவல் தெரபி செய்யும் முறை

"டிஸ்க் நகர்ந்திருக்கு", "எலும்பு விலகியிருக்கு", "சதையில முடிச்சு விழுந்திருக்கு". மேனுவல் தெரபி (கையால் செய்யும் சிகிச்சை) செய்யும் நாம், கீழ்முதுகு வலியோடு வருபவரிடம் இதில் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் பெரும்பாலும் கை வைக்கிறோம். வலி குறைந்ததும், விலகியது சேர்ந்துவிட்டதாக இரு தரப்பும் நம்பிவிடுகிறது. வலி குறைவது உண்மைதான். சொல்லும் காரணம்தான் நிற்பதில்லை.

1998இல் ஸ்வீடனில், சாக்ரோ-இலியாக் மூட்டில் (முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் இடம்) கோளாறு உள்ள 10 பேருக்கு மேனிபுலேஷன் (மூட்டைக் கையால் தள்ளிச் சரிசெய்யும் முறை) செய்து, முன்னும் பின்னும் நுட்பமான எக்ஸ்ரே முறையில் அளந்தார்கள். கைப் பரிசோதனைகள் 'சரியாகிவிட்டது' என்றன. மூட்டோ இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. தொடையின் கெட்டியான தசைப்படலத்தை 1% அமுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும் என்று 2008இல் வெளிவந்த ஒரு கணிப்பு காட்டியது. நம் கட்டைவிரலுக்கு அந்தச் சக்தி ஏது? ஸ்கேன் கதையும் இதேதான். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015 ஆய்வில், 20 வயதினரில் 37% பேருக்கும் 80 வயதினரில் 96% பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது.

கை உண்மையில் சென்று சேர்வது தோலிலுள்ள நரம்பு முனைகளை. தோலைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தால், அந்த இழுப்பை உணரும் ரஃபினி என்ற நரம்பு முனைகள் விடாமல் செய்தி அனுப்பும். தொடுகைச் செய்தி தண்டுவடத்தில் வலிச் செய்தியை மட்டுப்படுத்தலாம் என்று வலி ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் 1965இல் எழுதினார்கள். அதற்கு மேலே, மூளைத் தண்டிலிருந்து இறங்கும் பாதைகள் வலியைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். நோயாளியின் பயமும் எதிர்பார்ப்பும், நம் சொல்லும் அங்கே கணக்கில் சேர்கின்றன.

இதை ஓர் இடத்தில் செய்து பார்க்கலாம். பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு பக்கமாக, பிட்டத்தின் மேல்பகுதிக்குப் பரவும் வலி. அங்கே இடுப்பெலும்பின் விளிம்பைத் தாண்டித் தோலுக்குள் இறங்குபவை சுப்பீரியர் குளூனியல் நரம்புகள்.

கை வைக்கும் முன்

சிறுநீர் அடைப்பு, தொடை இடுக்கில் மரத்துப்போதல், கால் பலம் குறைந்துகொண்டே போதல், காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, புற்றுநோய் வரலாறு, முதியவர் விழுந்த பின் வந்த வலி: இவற்றில் எது இருந்தாலும் தொடாமல் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆடையை எவ்வளவு விலக்க வேண்டும், எங்கே தொடப்போகிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். சம்மதம் சட்டத்துக்காக மட்டுமல்ல; எதிர்பாராத தொடுகைக்கு உடல் இறுகிக்கொள்ளும்.

ஒப்பிட ஓர் அசைவு போதும். முன்னால் குனியச் சொல்லி, விரல் நுனிக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை சென்டிமீட்டரில் எழுதுங்கள். பக்கத்தில் வலியை 0 முதல் 10 வரை ஓர் எண்ணாகக் குறியுங்கள். இடுப்பு ஏற்ற இறக்கம், கால் நீளம் பார்த்து நேரம் செலவழிக்க வேண்டாம். அவற்றில் ஒருவர் கை சொல்வதை இன்னொருவர் கை சொல்வது அரிது.

அடுத்து, முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து விளிம்பு வழியே நோயாளியின் நான்கு விரல் அகலம், ஏறக்குறைய 7 செ.மீ., வெளியே போய் ஒரு விரலால் அழுத்துங்கள். "இதே வலிதான்" என்றால் இடம் கிடைத்துவிட்டது. அந்தப் பகுதித் தோலை இரண்டு விரலால் லேசாகத் தூக்கி, மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். வலிக்கும் பக்கம் பெரும்பாலும் கூச்சமாகவோ, தூக்க முடியாமல் இறுக்கமாகவோ இருக்கும்.

பிடிக்கும் முறை

வலிக்கும் பக்கம் மேலே இருக்க ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை. ஒரு விரலை வலிக்கும் புள்ளியில் வைத்தபடியே மேல் காலைச் சிறிது மடக்கியும் நீட்டியும் பாருங்கள். விரலடியில் நோவு எந்த நிலையில் குறைகிறதோ அங்கே காலை நிறுத்துங்கள்.

எண்ணெய் வேண்டாம். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்: எண்ணெய் பூசினால் கை வழுக்கும், தோல் இழுபடாது. கையும் தோலும் உலர்ந்திருக்க, இன்னொரு உள்ளங்கையைப் பிட்டத்தின் மேல்பகுதியில் தட்டையாகப் படிய வையுங்கள். காய்ச்சி ஆறிய பாலின் ஏட்டைக் கிழிக்காமல் நகர்த்தும் அளவுக்குத்தான் அழுத்தம். உங்கள் நகம் வெளுத்தால் அதிகம். தோல் மட்டும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நகர்ந்து தானாக நிற்கும். அதற்கு மேல் தள்ளாதீர்கள்.

எந்தத் திசை என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். மேலே, கீழே, உள்ளே, வெளியே என்று ஒவ்வொன்றாக நகர்த்தி, "விரல் வச்ச இடத்துல வலி கூடுதா, குறையுதா, அப்படியே இருக்கா?" என்று கேளுங்கள். அதிகம் குறைந்த திசையில் 2 முதல் 3 நிமிடம் அசையாமல் பிடியுங்கள். மூச்சு நீளும், கையடியில் சூடு தெரியும், புள்ளியின் நோவு மங்கும். விடும்போது மெதுவாக விடுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் திசையையோ கால் நிலையையோ மாற்றலாம். மூன்று முயற்சிக்கு மேல் அன்றைக்கு வேண்டாம். எல்லாம் சேர்த்துக் கை வைக்கும் நேரம் 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. தாண்டினால் மறுநாள் நோவு கூடி வருபவர்கள் உண்டு. முதியவர்களின் மெல்லிய தோலிலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களிடமும் இன்னும் இலேசாகப் பிடியுங்கள்.

எழுந்ததும் அதே குனிதலை மீண்டும் அளந்து, எண்ணை அவருக்கே காட்டுங்கள்.

இந்தத் தணிவு பலருக்குச் சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் நிற்கும். அந்த இடைவெளியில் அசைய வைப்பதுதான் சிகிச்சையின் மறுபாதி. மல்லாந்து படுத்து இடுப்பை முன்னும் பின்னும் சாய்ப்பது, முழங்கால்களைச் சேர்த்து இருபுறமும் உருட்டுவது: தலா 10 முறை, நாளுக்கு மூன்று வேளை, வலி கூடாத எல்லைக்குள்.

வாயால் ஆகும் காயம்

"போன இடத்துல எலும்பு விலகிடுச்சுன்னாங்க, குனியவே பயமா இருக்கு" என்பார் ஓர் அம்மா. "விலகலைம்மா. உங்க முதுகு பலமாத்தான் இருக்கு. இந்த இடத்துத் தோல் நரம்பு கொஞ்சம் உஷாராயிருக்கு, அதைத் தணிக்கிறோம். குனியலாம்" என்றால் போதும். இதையே பத்து நிமிட மூளைப் பாடமாக நடத்தினால், "எல்லாம் உங்க மனசுலதான்னு சொல்றாங்க" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். அப்படிப் போனவருக்கு வலி திரும்பி வரலாம்.

இன்னொரு சறுக்கல் நம் பக்கத்தில். எலும்பை விட்டுவிட்டு, 'நரம்பு மாட்டிக்கொண்டது, விடுவித்தேன்' என்று பேசத் தொடங்கினால் பழைய கதைக்குப் பெயர் மட்டும்தான் மாறியிருக்கும். நரம்பு விடுபட்டதை நம் கை பார்க்கவில்லை. நோவு குறைந்ததைத்தான் பார்த்தது.

ஆழ்ந்த அழுத்தம் கூடவே கூடாது என்றும் இல்லை. "அழுத்திப் பிடிச்சாத்தான் சுகம்" என்பவர் உடலை இறுக்காமல், மூச்சைப் பிடிக்காமல் வாங்கிக்கொண்டால் செய்யலாம். பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டால் நிறுத்துங்கள்.

புதிதாக வந்த முதுகு வலி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தானே நன்றாகக் குறையும். ஆகவே முன்னேற்றம் முழுவதையும் நம் கைக்குக் கணக்கு எழுத முடியாது. மூன்று அமர்வுக்குப் பிறகும் குனியும் அளவும் வலி எண்ணும் அசையவில்லை என்றால் நான்காவது அமர்வுக்கு நாள் குறிக்காதீர்கள். முதலில் கேட்ட ஆபத்து அறிகுறிகளை மறுபடி கேட்டு, கால் பலம், உணர்ச்சி, ரிஃப்ளெக்ஸ் (அனிச்சைச் செயல்) மூன்றையும் சோதித்து, எழுதி, மருத்துவருக்கு அனுப்புங்கள்.