ஆற்றைக் கடந்தால் வேறு சட்டம்: அண்டை மாநிலத்தில் கைத்துப்பாக்கி உரிமம் பெறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2013 அக்டோபரில், பிலடெல்பியாவில் வசித்த, இரு குழந்தைகளின் தாயான ஒரு பெண் டெலவேர் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சிக்குள் கார் ஓட்டிச் சென்றார். அட்லாண்டிக் கவுன்டி என்னும் மாவட்டத்தில் போக்குவரத்து விதி தொடர்பாக ஒரு காவலர் அவரை நிறுத்தினார். தம்மிடம் கைத்துப்பாக்கி இருப்பதையும், அதைச் சுமந்து செல்லப் பென்சில்வேனியா முறைப்படி வழங்கிய உரிமம் இருப்பதையும் அவர் தாமாகவே காவலரிடம் சொன்னார். அந்த இடத்திலேயே கைது செய்யப்பட்டார். நியூ ஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை. எனவே அந்த மாநிலத்தின் பார்வையில் அவர் உரிமமே இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தவர், குறைந்தது மூன்றரை ஆண்டுச் சிறையை எதிர்நோக்க வேண்டிய குற்றவாளி. 2014 செப்டம்பரில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் இத்தகைய வழக்குகளைக் கையாள்வது பற்றித் தெளிவுரை வெளியிட்ட பிறகே அவர் சிறைத்தண்டனையிலிருந்து தப்பினார். 2015 ஏப்ரலில் அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

அவர் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவுமில்லை. ஓட்டுநர் உரிமம் எல்லா மாநிலங்களிலும் செல்வது போலத் துப்பாக்கி உரிமமும் செல்லும் என்று நம்பினார், அவ்வளவுதான். நியூ ஜெர்சியின் எடிசனில் வீடும் பிலடெல்பியாப் பக்கம் வேலையுமாக, அல்லது அதற்கு நேர்மாறாக, நாள்தோறும் அந்த ஆற்றைக் கடக்கும் தமிழர்கள் பலர் உண்டு. அவர்களில் துப்பாக்கி வைத்திருக்க விரும்புவோர் எங்கெங்கே தவறுகிறார்கள் என்பதை இந்த இரு மாநிலங்களை வைத்தே விளக்குகிறேன்.

நம்மவர்கள் செய்யக்கூடிய தவறுகளில் முதலாவது, விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன்பே நேர்வது. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் நாட்டுக்குள் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. ஒரு மாநிலம் வழங்கிய, நடப்பில் உள்ள வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ‘வைத்திருப்பது’ என்றால் விலை கொடுத்து வாங்குவது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அலுவலக நண்பர்களோடு சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போய், வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பத்துக் குண்டு சுடுவதும் அதில் அடங்கும். 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கின் தொடக்கமே அதுதான்: மாணவர் விசாவில் வந்து, படிப்பு நின்று, குடியேற்றத் தகுதியை இழந்த ஒருவர் புளோரிடாவில் ஒரு சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டிருந்தார். இக்குற்றத்துக்கு உச்சத் தண்டனை 2022 முதல் 15 ஆண்டுகள். துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தப்படுவதற்கும் காரணமாகும். கிரீன் கார்டுக்கு இன்னும் வரிசையில் நிற்பவர், மாநில உரிமத்தைப் பற்றி எண்ணுவதற்கு முன் தம் விசா வகையை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்த தவறு வரிசையைப் பற்றியது. நியூ ஜெர்சியில் வசிப்பவர், தம் மாநிலத்தில் உரிமம் வாங்குவது கடினம், பென்சில்வேனியாவில் எளிது, ஆகவே எளிதானதை முதலில் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார். கட்டணத்தைப் பார்த்தால் அந்த ஆசையில் நியாயம் இருப்பது போலத்தான் தோன்றும்: பென்சில்வேனியாவில் 20 டாலர், 5 ஆண்டுகள் செல்லும், நியூ ஜெர்சியில் 200 டாலர், 2 ஆண்டுகள்தான் செல்லும். ஆனால் வெளிமாநிலத்தவருக்குப் பென்சில்வேனியச் சட்டம் வைக்கும் நிபந்தனை ஒன்று உண்டு. விண்ணப்பிப்பவரின் சொந்த மாநிலச் சட்டத்தில் உரிமம் வழங்க வழி இருக்குமானால், அந்த உரிமத்தை அவர் ஏற்கெனவே பெற்றிருக்க வேண்டும். அங்கே உரிமம் வழங்குபவர் ஷெரிஃப் எனும் கவுன்டி அதிகாரி; அவர் அலுவலகச் சாளரத்தில் அமர்ந்திருப்பவர் முதலில் கேட்பதே அதைத்தான். அது இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனவர் அப்படியே திரும்ப வேண்டியதுதான். வெளிமாநிலத்தவர் எந்தக் கவுன்டி ஷெரிஃபிடமும் விண்ணப்பிக்கலாம் என்றாலும், எல்லாக் கவுன்டிகளும் ஒரே ஆர்வத்தோடு அவர்களை வரவேற்பதில்லை. ஆகவே எந்த நாட்களில் வெளிமாநிலத்தவரின் விண்ணப்பத்தை வாங்குகிறார்கள், முன்பதிவு வேண்டுமா என்பதைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுவது ஒரு நாள் விடுப்பைக் காப்பாற்றும். விசாரித்து முடிவு சொல்ல ஷெரிஃபுக்குச் சட்டம் தரும் அவகாசம் 45 நாட்கள்.

எதிர்த் திசையில், அதாவது பென்சில்வேனியாவாசி நியூ ஜெர்சி உரிமம் கேட்பதில், சிக்கல் வேறு விதமானது. 2022 ஜூன் 23 அன்று நியூயார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த ப்ரூயன் தீர்ப்புக்கு முன்பு, தனிப்பட்ட தேவையை நிரூபித்தால்தான் நியூ ஜெர்சியில் உரிமம் கிடைக்கும். சாதாரண மனிதருக்குக் கிடைப்பது அரிதாக இருந்தது. தீர்ப்புக்குப் பின் அந்த நிபந்தனை நீங்கியது. உடனே ‘இனி கேட்டாலே கொடுத்துவிடுவார்கள்’ என்ற பேச்சு பரவியது. அது பாதி உண்மைதான். அந்த ஆண்டு டிசம்பரில் மாநிலம் இயற்றிய புதிய சட்டம் வேறு சுமைகளை ஏற்றியது. உறவினர் அல்லாத, குறைந்தது மூன்று ஆண்டுகளாகத் தம்மை அறிந்த நான்கு பேரை விண்ணப்பதாரர் குறிப்பிட வேண்டும். பயிற்சி பெற்றுச் சுடும் தேர்விலும் தேற வேண்டும். மைத்துனரையும் சகலையையும் எழுதிக் கொடுப்பது நம்மவர்களுக்கு இயல்பாக வரும். ஆனால் மண உறவும் உறவுதான் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வேலை மாறி ஊர் மாறி வந்து ஒன்றரை ஆண்டே ஆனவர், பக்கத்து வீட்டுக்காரரை எழுதாமல் பழைய ஊர் நண்பரை எழுதுவதே சரி. எழுதுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி என்ற சொல்லைக் கண்டு மிரண்டு, வரும் மின்னஞ்சலுக்குப் பதிலே போடாத நண்பரால் விண்ணப்பம் மாதக்கணக்கில் தேங்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, இருந்த இடத்திலிருந்தே புளோரிடா உரிமம் ஒன்றை வாங்கிவிட்டால் பல மாநிலங்களில் செல்லுமே என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் பென்சில்வேனியர்களே அப்படிச் செய்தார்கள். 2013 பிப்ரவரியில் பென்சில்வேனியாவின் அன்றைய தலைமை வழக்கறிஞர் கேத்லீன் கேன், உரிமங்களை ஏற்பது பற்றிப் புளோரிடாவுடன் இருந்த உடன்பாட்டை மாற்றி, புளோரிடாவில் வசிப்பவர்களின் உரிமம் மட்டுமே செல்லும் என்று வரையறுத்தார். மாநிலங்களுக்கு இடையிலான இத்தகைய ஏற்பு ஒரு கையெழுத்தில் பிறந்து இன்னொரு கையெழுத்தில் மறைவது. நண்பர் மூன்று ஆண்டுகளுக்கு முன் சேமித்து வைத்த வரைபடத்தை நம்பி எல்லையைத் தாண்டக் கூடாது.

படிவத்தை நிரப்பும்போது நேரும் பெருந்தவறு, பழைய வழக்கைத் தாமே எடைபோட்டு விட்டுவிடுவது. ‘அபராதம் கட்டினேன், ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லை, அது ஒரு வழக்கா?’ என்று கேட்பார்கள். மத்தியச் சட்டம் பார்ப்பது வழங்கப்பட்ட தண்டனையை அன்று. அந்தக் குற்றத்துக்கு வழங்கியிருக்கக்கூடிய உச்சத் தண்டனையைத்தான். ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றமானால் துப்பாக்கித் தடை உண்டு. மாநிலம் அதைச் சிறுகுற்றமாக வகைப்படுத்தி, உச்சமும் இரண்டு ஆண்டுகளுக்குள் இருந்தால் மட்டுமே விலக்கு. பென்சில்வேனியாவில் முதல் தரச் சிறுகுற்றத்துக்கு 5 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். குடிபோதையில் இரண்டாம் முறை கார் ஓட்டிப் பிடிபடுவது, அதிலும் இரத்தத்தில் மது அளவு மிக அதிகமாக இருந்தால், அந்தத் தரத்தில் வரலாம். பெயரில் சிறுகுற்றம், விளைவில் பெருங்குற்றம். குடும்ப வன்முறை தொடர்பான தண்டனையும் நீதிமன்றத் தடை உத்தரவும் தனியாகவே தடை செய்பவை. நியூ ஜெர்சியோ மனநலப் பதிவேடுகளைத் தேடிப் பார்க்கவும் விண்ணப்பதாரரின் ஒப்புதலைக் கேட்கிறது. மறந்துபோன ஒரு வழக்கை எழுதாமல் விட்டால், வழக்கை விட அதை மறைத்ததே பெரிய குற்றமாகிவிடும். தீர்ப்பு நகலை நீதிமன்றத்திலிருந்து வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவதுதான் பாதுகாப்பு.

உரிமம் வருவதற்கு முன்னும், வந்த பின்னும், காரில் எப்படிக் கொண்டு போவது என்பதில் குழம்புபவர்களே அதிகம். குழப்பத்துக்குக் காரணமும் இருக்கிறது. பென்சில்வேனியா நியூ ஜெர்சி உரிமத்தை ஏற்பதில்லை. ஆயினும், எந்த மாநிலம் வழங்கிய செல்லுபடியான உரிமம் இருந்தாலும் வாகனத்துக்குள் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று அதே மாநிலச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உள்ளது. அதாவது, நியூ ஜெர்சி உரிமத்தோடு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாலத்தைக் கடந்து ஓட்டிக்கொண்டிருக்கும் வரை குற்றமில்லை. உணவகத்து வாசலில் காரை நிறுத்தி, சட்டைக்குள் துப்பாக்கியோடு கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தவுடன் உரிமமின்றி மறைத்து வைத்திருந்த குற்றம் தொடங்குகிறது. வேறு குற்றம் எதுவும் செய்யாதவருக்கும் அது மேலே சொன்ன 5 ஆண்டு உச்சம் கொண்ட முதல் தரச் சிறுகுற்றம். ஒரே மனிதர், ஒரே துப்பாக்கி, இடையில் இருப்பது ஒரு கார்க்கதவு.

உரிமம் செல்லாத மாநிலத்தின் வழியாகக் கடந்து செல்பவர்களுக்கு 1986-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஆனால் அது பலர் நினைப்பதை விடக் குறுகியது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் அவருக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும். தோட்டாக்களை அகற்றிவிட வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கெட்டாமல் டிக்கியில் இருக்க வேண்டும். தனி டிக்கி இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும்; டாஷ்போர்டு அறையையும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டியையும், அவற்றைப் பூட்டியிருந்தாலும், சட்டம் ஏற்காது. 2005-இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குச் சென்ற ஒரு பயணி, நெவார்க்கில் இணைப்பைத் தவறவிட்டு, துப்பாக்கி இருந்த பெட்டியோடு ஓர் இரவு விடுதியில் தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் அதை முறைப்படி அறிவித்தபோது கைதானார். விடுதி அறையில் பெட்டி அவர் கைக்கெட்டும்படி இருந்ததால் மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு பொருந்தாது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விமானம் தாமதமானது அவருடைய பிழையன்று என்பது உண்மை. ஆனால் நீதிமன்றம் சட்டத்தின் சொற்களைத்தான் படித்தது.

உரிமம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில், அதே மாநிலத்துக் கடையில் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். சுமந்து செல்லும் உரிமம் வாங்கும் உரிமம் ஆகாது. மத்தியச் சட்டப்படி கைத்துப்பாக்கியைத் தாம் வசிக்கும் மாநிலத்து வணிகர் வழியாகத்தான் பெற முடியும். வெளிமாநிலக் கடையில் பிடித்துப்போனால் அதை ஊரிலுள்ள வணிகருக்கு அனுப்பச் சொல்லிப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

உரிமம் வந்த பிறகு சொந்த மாநிலப் பழக்கத்தையே அண்டை மாநிலத்திலும் தொடர்வது அடுத்த ஆபத்து. பென்சில்வேனியாவில் மதுக்கூடத்துக்குள் துப்பாக்கியோடு நுழைவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் இல்லை. நியூ ஜெர்சியின் 2022 சட்டமோ மது பரிமாறும் இடங்கள், பூங்காக்கள், நூலகங்கள், அட்லாண்டிக் சிட்டியின் சூதாட்ட விடுதிகள் என்று நீண்ட பட்டியலே வைத்திருக்கிறது. அந்தப் பட்டியல் நீதிமன்றங்களில் வெட்டியும் ஒட்டியும் வருவதால், புறப்படும் வாரத்தில் மாநிலக் காவல்துறையின் அறிவிப்பைப் படித்துவிட வேண்டும். பென்சில்வேனியாவில் எல்லோரும் வாங்கும் ஹாலோ பாயின்ட் எனும் நுனி குழிந்த தோட்டாவை, நியூ ஜெர்சியில் உரிமம் உள்ளவரும் வீதியில் சுமந்து திரிய முடியாது. மேகசின் எனும் தோட்டா அடுக்கில் 15 தோட்டாக்கள் வரை இருந்த அனுமதியை 2018-இல் நியூ ஜெர்சி இயற்றிய சட்டம் 10 ஆகக் குறைத்தது. கடையில் பெட்டியோடு கொடுத்த மேகசினை எண்ணிப் பார்க்காமல் ஆற்றைக் கடப்பது அறியாமையால் வரும் தவறு என்றாலும், வழக்கு வழக்குதான்.

பள்ளிகளைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற மத்தியச் சட்டத்தைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே வழங்கிய உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. மேலே சொன்ன வாகன விதிவிலக்கை மட்டும் நம்பி, தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு பென்சில்வேனியச் சிற்றூர் ஒன்றின் பள்ளியைக் கடப்பவருக்கு அந்த விலக்கு கிடையாது. மாநிலச் சட்டத்தில் தப்பினாலும் மத்தியச் சட்டத்தில் மாட்டிக்கொள்கிறார். அண்டை மாநிலத்தின் உரிமத்தைத் தனியாக வாங்குவதற்கு இதை விட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

காவலர் நிறுத்தும்போது என்ன செய்வது என்பதிலும் இரு கரைகளும் வேறுபடுகின்றன. பென்சில்வேனியாவில் காவலர் சட்டப்படி கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும். தாமாக முன்வந்து சொல்லும் கடமை இல்லை. நியூ ஜெர்சியில் நிறுத்தப்பட்ட உடனே, துப்பாக்கி இருப்பதைச் சொல்லி உரிமத்தையும் காட்டியாக வேண்டும். வண்டியின் பதிவுச் சான்றையும் காப்பீட்டு அட்டையையும் டாஷ்போர்டு அறையில் போட்டு, துப்பாக்கியையும் அதற்குள்ளேயே வைப்பவர்கள் இருக்கிறார்கள். காவலர் ‘பதிவுச் சான்று’ என்று கேட்க, அவர் பார்வைக்கு எதிரே அந்த அறையைத் திறக்கும் நிலை வந்துவிடும். அந்தக் காகிதங்களை ஓட்டுநருக்கு மேலேயுள்ள வெயில் மறைப்பில் செருகி வைத்துவிட்டு, இரு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்தபடி முதலில் வாயால் சொல்லிவிட்டு, காவலர் எடுக்கச் சொன்ன பிறகு உரிமத்தை எடுத்து நீட்டினால் போதும்.