நீலகிரிக்கு வேன் எடுத்துட்டு சேவை பண்ணப் போறீங்களா? மொதல்ல போன் பண்ணுங்க

நாங்க 13 பேரு, ஈரோட்டுக்காரங்க, ரெண்டு வருஷமா ஒரு டெம்போ டிராவலர் எடுத்துட்டு நீலகிரி பூரா சுத்திட்டு வர்றோம். ஊர் பாக்கறதுக்கு இல்ல, அங்கங்க நின்னு ஏதாச்சும் வேலை செஞ்சு குடுக்கலாம்னு. மொத தடவ மகா சொதப்பல், ரெண்டாவது தடவ பரவால்ல. ரெண்டையும் வெச்சுதான் எழுதறேன், நீங்களும் ஒரு கேங்கா கெளம்பறதா இருந்தா உதவும்.

மொத தடவ 7 நாளுக்கு 7 ஊரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. கூடலூர் பக்கம் ஒரு பள்ளிக்கூட செவுத்துக்கு பெயின்ட் அடிச்சோம், ஜூலை மாசம்! அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை அடிச்சு ஊத்தற நேரம், அடிச்ச பெயின்ட் காயறதுக்குள்ள ஓடியே போயிருச்சு, யாரையும் குத்தம் சொல்ல முடியாது, முழுக்க எங்க புத்திதான். ஊட்டிக்கு மேல இன்னும் கூத்து. "காலி இடம்"னு நெனச்சு புல்வெளில 60 மரக்கன்னு நட்டோம், அந்த வழியா வந்த பெரியவர் ஒருத்தர் நின்னு பாத்துட்டு, "தம்பி, நாங்க இங்க சீகை மரத்தப் புடுங்கிட்டு இருக்கோம், நீங்க நட்டுட்டு இருக்கீங்களே"ன்னாரு. நீலகிரி மேல்மலைல புல்வெளியும் சோலைக்காடும் சேர்ந்ததுதான் இயற்கை, அந்தப் புல்லுதான் மழைத்தண்ணிய பஞ்சு மாதிரி புடிச்சு வெச்சு ஓடைக்கு மெல்ல விடுது. வெள்ளக்காரன் காலத்துல இருந்து அங்க சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டு நட்டே முக்காவாசி புல்வெளி போயிருச்சு. நாங்களும் போய் அதே வேலைய பண்ணிருக்கோம். அன்னிக்கு சாயங்காலமே 60 கன்னையும் நாங்களே புடுங்கி திரும்ப வேன்ல ஏத்துனோம்.

அதனால பிளான் போடும்போது ஒரு வாரத்துக்கு 3 ஊருக்கு மேல வேண்டாம், ஒரு ஊர்ல ரெண்டு முழு நாள், மிச்சம் இருக்கற ஒரு நாள் ரோட்டுக்கு. என்ன வேலைங்கறத நீங்க முடிவு பண்ணாதீங்க. ஒரு மாசம் முன்னாடியே அங்கன்வாடி டீச்சர், ஊர்ப் பெரியவங்க, கிராம நர்ஸ், அங்கயே வருஷக்கணக்கா வேலை செய்யற அமைப்புங்க, இவங்கள்ல யாரையாச்சும் புடிச்சு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நாங்க வராட்டியும் நீங்க செய்யப் போற வேலை எது?" அதுல போய் கூட நில்லுங்க. "எதுன்னாலும் பண்ணுங்க, வாங்க"ன்னு பதில் வந்தா மரியாதைக்கு சொல்றாங்கன்னு அர்த்தம், அந்த ஊர விட்டுருங்க.

நீலகிரில "மலைவாசி மக்கள்"னு ஒரே கூட்டம் கெடையாது, இத வேன்ல ஏறும்போதே எல்லாருக்கும் சொல்லிடணும். தோடர் இருக்கற எடம் மந்து, கோத்தர் ஊரு கோக்கால், படகர் ஊரு ஹட்டி. குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஒவ்வொருத்தருக்கும் வேற வேற பாஷை, வேற பழக்கம். இது போக 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கைல இருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்க, அவங்களுக்கு வேலை குடுக்கத்தான் அரசு தேயிலைத் தோட்டமே வந்துச்சு, கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ல லயன் வீட்டுல (தோட்டத்து வரிசை வீடு) இருக்காங்க. மந்துல கோயில் பக்கம் கேக்காம கால் வெக்காதீங்க. முதுமலை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கற குடியிருப்புக்கு வனத்துறை அனுமதி இல்லாம போகவே கூடாது, "சும்மா அரிசி குடுத்துட்டு வந்துடறோம்"ங்கறதெல்லாம் அங்க எடுபடாது. தோட்டத்து ஜனங்க வார நாள்ல காலைலயே கொழுந்து பறிக்கப் போயிருவாங்க, ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் வீட்டுல இருப்பாங்க. நாங்க ஒரு தடவ புதன்கிழமை 10 மணிக்குப் போய் நின்னோம், ரெண்டு பாட்டியும் நாலு கோழியும்தான் இருந்துச்சு.

பழைய துணி கொண்டு போகாதீங்க. கொண்டு போனோம், மூணு மூட்டை. ஒரு அக்கா எல்லாத்தையும் பாய்ல கொட்டி ஒவ்வொண்ணா எடுத்து ஒதறி ஒதறி ரெண்டு குவியலா போட்டாங்க, ஜிப்பு போன ஜீன்ஸ், கழுத்து மக்குன டீ-ஷர்ட், ஒரு கல்யாண செர்வானி வேற. பெரிய குவியல காட்டி, "இதக் கொளுத்தவும் முடியாது, கரடி மாதிரி மூலைல கெடக்கும், நீங்களே எடுத்துட்டுப் போங்க கண்ணு"ன்னாங்க, சிரிச்சுட்டேதான் சொன்னாங்க, எங்களுக்குத்தான் மூஞ்சி தொங்கிருச்சு. போன தடவ முன்னாடியே கேட்டோம், கம் பூட்ஸும் ரெயின் கோட்டும் கேட்டாங்க, சைஸ் வாங்கி எழுதிட்டு மேட்டுப்பாளையத்துல புதுசா வாங்கிட்டுப் போனோம்.

இப்ப உருப்படியா செஞ்ச வேலை, உண்ணிச்செடி (லன்டானான்னு சொல்ற களைச்செடி) எடுக்கறது. பந்தலூர் பக்கம் ஒரு ஊர்ல பட்டா நிலத்து ஓரமெல்லாம் ஆள் ஒசரத்துக்கு மண்டிக் கெடக்கு, ஆனை நின்னாகூட தெரியாது, புள்ளைங்க ஸ்கூலுக்குப் போற பாதை வேற அது. (காட்டுக்குள்ள இருக்கறத நீங்களா போய் வெட்டக் கூடாது, அது வனத்துறை வேலை.) நாங்க அருவாள எடுத்து சரசரன்னு மேலாக வெட்ட ஆரம்பிச்சோம், கூட இருந்த அண்ணன் ஒருத்தர் அருவாள வாங்கி வெச்சுட்டாரு. மேலாக வெட்டுனா அடுத்த மழைக்கு ரெண்டு மடங்கா தழையுமாம். தண்டு மண்ணுக்குள்ள எறங்கற எடத்துல கடப்பாரையால மண்ண நெம்பி, மூணு நாலு விரக்கடை கீழ ஆணிவேர வெட்டி, செடிய மொத்தமா தூக்கி தலைகீழா போடணும், வேர் ஆகாசத்தப் பாக்கணும், அப்பதான் திரும்ப வேர் புடிக்காது. பழம் பழுக்கறதுக்கு முன்னாடி எடுக்கணும், இல்லன்னா குருவி தின்னு வெதைய ஊரெல்லாம் போட்டுரும். எடுத்த எடத்த அப்படியே விட்டா மறுபடியும் வரும், அதனால ஊர்க்காரங்க அங்க புல்லு வெதைக்கறாங்க. நல்ல கம்ப தனியா எடுத்து வெச்சாங்க, மேசை நாற்காலி செய்ய. இந்தக் கம்புலதான் கூடலூர் பக்கத்துப் பழங்குடி கைவினைஞருங்க நெசமான ஆனை சைஸ்ல பொம்மை செஞ்சு 2021ல லண்டன் பூங்கா வரைக்கும் போச்சு.

காலைல எறங்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் சத்தம் போட்டுட்டே நில்லுங்க, உள்ள ஏதாச்சும் இருந்தா போயிரும். முழுக்கை சட்டை, தடிமனான கையுறை கட்டாயம். ஒரு நாளைக்கு ஒரு ஆளு 20 செடி எடுத்தா பெருசு, இடுப்பு சொல்லும்.

எப்போ போறதுங்கறது வேலையப் பொறுத்து. வேரோட புடுங்கற வேலைன்னா மண்ணு ஈரமா இருக்கற செப்டம்பர், பெயின்ட், ரிப்பேர்னா ஜனவரி பிப்ரவரி. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கூடலூர் பக்கமும் மேல்மலையும் வேண்டாம், 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் குன்னூர், கோத்தகிரி பக்கம் மண்ணு சரியும், 2009 நவம்பர் ஞாபகம் இருக்கறவங்களுக்குத் தெரியும். ஏப்ரல் மே ரோட்டுலயே பாதி நாள் போயிரும்.

வண்டிக்கு ஈ-பாஸ் வேணும், ஹைகோர்ட் உத்தரவால 2024 மே 7ல இருந்து இருக்கு, காசு கெடையாது, ஆனா கூட்ட நாள்ல தினசரி கணக்கு முடிஞ்சா கெடைக்காது, முன்னாடியே போட்டுருங்க. சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மாவட்டத்துலயே தடை, செக்போஸ்ட்ல புடிப்பாங்க, ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும் ஒரு 20 லிட்டர் கேனும் போதும். ஊட்டில இருந்து கல்லட்டி வழியா மசினகுடிக்கு எறங்கலாம்னு மேப் காட்டும், 36 கொண்டை ஊசி, வெளியூர் வண்டிய எறங்க விடமாட்டாங்க, கூடலூர் சுத்தித்தான் போகணும். அதுவும் சாயங்காலம் 4 மணிக்குள்ள எறங்கிருங்க, பனி மூடிருச்சுன்னா பானெட்டே தெரியாது. மலை எறக்கத்துல பிரேக்க மிதிச்சுட்டே வராம செகண்ட் கியர்ல விடற டிரைவரா பாத்துப் புடிங்க, வேன்ல எல்லாத்தவிட முக்கியமான ஆளு அவருதான், அவருக்கு படுக்க நல்ல எடம் குடுங்க. வாந்தி எடுக்கறவங்கள முன் சீட்டுல போடுங்க, ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். மழை நாள்ல அட்டைக்கு உப்பு.

ராத்திரி சாப்பாட்டுக்கு ஊர்க்காரங்க வீட்டுல ஒக்காந்துராதீங்க, 13 பேருக்கு சமைக்கறது ஒரு வீட்டுக்கு சும்மா இல்ல. அரிசி பருப்பு மொதல்லயே வாங்கிக் குடுத்து, சமைக்கற அக்காவுக்கு கூலியும் பேசிருங்க. சேவைக்கு வந்தவங்ககிட்ட எதுக்கு காசுன்னு அவங்க மறுப்பாங்க, கேக்காதீங்க, குடுத்துருங்க. புள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்து போட்டோ புடிக்கறத நிறுத்துங்க, அத விட அவங்ககூட ஒரு மணி நேரம் பந்து வெளையாடலாம், தோத்துதான் போவீங்க.

கெளம்பற அன்னிக்கு கடப்பாரை, கையுறையெல்லாம் அங்கயே விட்டுட்டு வந்துருங்க. நாங்க கையுறை 13 ஜோடி கொண்டு போனோம், ரெண்டாவது நாளே அஞ்சு ஜோடி கிழிஞ்சுருச்சு, மிச்சம் எட்டுக்கு ஊர்ல பன்னெண்டு பேரு வேலை செய்யறாங்க. நவம்பர்ல போன் பண்ணப்போ அந்த அண்ணன் பாதை மேக்கால பாதி முடிஞ்சுருச்சுன்னாரு, இந்தத் தடவ 30 ஜோடி வாங்கணும்.