வீட்டு ரயிலுக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மர்? ஒரு பைக் பல்பை வச்சே பாத்துடலாம்

மாமா பையன் அமெரிக்காவுல இருந்து வந்தப்ப ஒரு ஹெச்ஓ (நிஜ ரயில்ல 87ல ஒரு பங்கு சைஸ்) மாடல் ரயில் செட் கொண்டு வந்தான், அட்டைப்பெட்டியைப் பிரிச்ச வேகத்துல பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு கூட பாக்காம கன்வெர்ஷன் பிளக் போட்டு ஹால்ல சொருகிட்டேன், ரெண்டு நிமிஷம் ஆகல, வார்னிஷ் கருகுற வாடை. அது 120 வோல்ட் பெட்டி, நம்மூர்ல 230. தப்பு முழுக்க என்னோடதுதான்.

அதனால ஸ்டெப் 1, சொருகுறதுக்கு முன்னாடி பெட்டியைத் திருப்பிப் படிங்க. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்னு இருந்தா 230ஐ 120ஆ குறைக்கற ஸ்டெப் டவுன் கன்வெர்ட்டர் கண்டிப்பா வேணும், அது போட்டாலும் நம்ம 50 ஹெர்ட்ஸ்ல கொஞ்சம் கூடவே சூடாகும். அப்புறம் அவுட்புட். சாதாரண ஹெச்ஓ, அதை விட சின்ன "N" ஸ்கேல் ரயிலுக்கு 12 வோல்ட் டிசி. மார்க்லின் கம்பெனி ஹெச்ஓ, லயனல் கம்பெனி மாதிரி செட்டுங்க ஏசில ஓடுறது, அது தனிக் கதை. பெட்டியில "16 வோல்ட் ஏசி"ன்னு இன்னொரு கனெக்‌ஷன் இருந்தா அது லைட்டுக்கும் பாயின்ட் மோட்டாருக்கும் (தண்டவாளம் பிரியற இடத்துல தடம் மாத்தறது), அதைத் தண்டவாளத்துல குடுத்தா இன்ஜின் நின்ன இடத்துலயே உறுமிக்கிட்டு சூடாகும்.

ஸ்டெப் 2, ஆம்பியர். இப்ப வர்ற ஹெச்ஓ இன்ஜின் பெரும்பாலும் அரை ஆம்பியருக்குள்ளதான் இழுக்கும், பழசுன்னா ஒண்ணு வரைக்கும் போகலாம். ஒரு இன்ஜினுக்கு 1 ஆம்பியர் தாராளம்.

ஸ்டெப் 3, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற இடம். நான் கம்பேர் பண்ணது மூணு: 12 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, ஏசியை டிசி ஆக்கற பிரிட்ஜும் 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் நானே சால்டர் பண்ணது, 12 வோல்ட் 2 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் அடாப்டர் (போன் சார்ஜர் மாதிரி வகை), ஃப்ரெண்டு குடுத்த பழைய லண்டன் பவர் பேக். கடையில "12-0-12" எடுத்துக் குடுத்தா நடு ஒயரும் ஒரு ஓர ஒயரும் மட்டும் எடுங்க, ரெண்டு ஓரத்தையும் எடுத்தா 24 வோல்ட். 230 பக்கம் எல்லாம் மூடின பெட்டிக்குள்ள இருக்கணும், வீட்டுல குழந்தைங்க இருந்தா அடாப்டரோட நிறுத்திக்கங்க. ஃபேன் ரெகுலேட்டரை வச்சு ஸ்பீடு குறைக்கிறேன்னு மட்டும் யாரும் கிளம்பாதீங்க.

ஸ்டெப் 4தான் முக்கியம். பெட்டி மேல 12ன்னு போட்டிருக்கறது பெருசில்ல, லோடு ஏறுனதும் எவ்ளோ நிக்குதுன்னு பாக்கணும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுல ஒரு பைக் இண்டிகேட்டர் பல்பு வாங்குங்க, 12 வோல்ட் 10 வாட், கிட்டத்தட்ட 0.8 ஆம்பியர் இழுக்கும், அதாவது பசியா இருக்கற பழைய இன்ஜின் மாதிரி. மல்டிமீட்டரை டிசி 20ல வச்சு பல்பு இல்லாம ஒரு தடவை, பல்பு எரியும்போது ஒரு தடவை பாருங்க (பல்பு சுடும், பிளைவுட் மேல வைக்காதீங்க). நான் சால்டர் பண்ணது சும்மா இருக்கும்போது 17.6 காட்டுச்சு, பல்பு போட்டதும் 12க்கு விழுந்துச்சு. கெப்பாசிட்டர் ஏசியோட உச்சத்தைப் பிடிச்சு வைக்கிறதால 12 வோல்ட் 17 ஆகிடுது, லைட்டான "N" ஸ்கேல் இன்ஜின் அதுல ராக்கெட் மாதிரி பாயும். லண்டன் பேக் 16ல இருந்து 11. அடாப்டர் 12.1, பல்பு போட்டும் 11.9, அசையவே இல்ல.

அடாப்டர்ல திருப்பற குமிழ் கிடையாதே, அதுக்கு ஒரு பிடபிள்யூஎம் (கரண்டை வேக வேகமா ஆன் ஆஃப் பண்ணி ஸ்பீடு மாத்தறது) மோட்டார் ஸ்பீடு கன்ட்ரோலர் போர்டு, முன்ன பின்ன போக, ரெண்டு ஒயரையும் மாத்திக் குடுக்கற ஒரு டிபிடிடி சுவிட்ச். கோர்லெஸ் (சுத்தற பாகத்துல இரும்பு இல்லாத) மோட்டார் இன்ஜின் வச்சிருந்தா இந்த விலை கம்மி போர்டுங்க வேணாம், மோட்டார் சூடாகும்.

ஸ்டெப் 5, தவழ விடுறது. ஒரு மீட்டர் அளந்து மார்க் பண்ணி, நிக்காம எவ்ளோ மெதுவா போகுதுன்னு போன்ல டைம் பாருங்க. ஹெச்ஓல ஒரு மீட்டர்னா நிஜத்துல 87 மீட்டர், அதை ஒரு நிமிஷத்துல கடந்தா மணிக்கு 5 கிலோமீட்டர் சொச்சம், பீச் ஸ்டேஷன்ல லோக்கல் வந்து நிக்கிற அந்தக் கடைசி உருளல் மாதிரி. பிடபிள்யூஎம்ல எனக்கு 55 செகண்ட் வந்துச்சு, மத்த ரெண்டும் 30 கூடத் தாங்கல, குதிச்சு நின்னுடுச்சு. லேசா கீச்சுன்னு ஒரு சத்தம் வரும், பழகிடும். டைம் எடுக்கறதுக்கு முன்னாடி தண்டவாளத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வச்சு துடைங்க, திருவான்மியூர் பக்கம் வீடுன்னா உப்புக்காத்துல பாதி கோளாறு அங்கதான், பாவம் டிரான்ஸ்ஃபார்மரைத் திட்டுவோம்.

ஸ்டெப் 6, ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்க ஒரு ரூபா காயினைப் போடுங்க. நல்ல பேக் உடனே கட் ஆகும். நீங்களே சால்டர் பண்ணதுல ஃபியூஸ் போடாம இதைச் செய்யாதீங்க, அவுட்புட்ல 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுட்டு அப்புறம். கடைசியா அரை மணி நேரம் ஓட விட்டு மேல கை வைங்க, வெதுவெதுப்புன்னா ஓகே, கையை எடுக்கற அளவு சுட்டா வேணாம்.

இப்ப அடாப்டரும் பிடபிள்யூஎம்மும்தான் ஓடுது. கருகின பெட்டியில அந்த சிவப்புக் குமிழ் மட்டும் நல்லா இருந்துச்சு, கழட்டி இந்த போர்டுல மாட்டிட்டேன், கொஞ்சம் லூசு, உள்ள ஒரு சுத்து டேப்.